‘நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு அட்மிஷன்?’

கர்ப்பிணிகள் வார்டில் பார்வையாளர் நேரத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. ஏழாம் மாத செக்கப்புக்குப் போன பெண்ணுக்கு பிபி 150/100 என்று காட்டியிருக்கும். அன்றே படுக்கை போட்டுவிடுவார்கள். வீட்டிலோ வளைகாப்புக்கு மண்டபம் பேசி, வளையலுக்கும் சொல்லியாகிவிட்டது. “ஞாயித்துக்கிழமை விசேஷம் முடிஞ்சதும் திங்கக்கிழமை கூட்டிட்டு வந்துடுறோம் டாக்டர்” என்று கெஞ்சும் மாமியாரைக் குறை சொல்ல முடியாது. கட்டிலில் உட்கார்ந்திருக்கும் மருமகள் பார்வைக்கு ஆரோக்கியமாகத்தான் இருக்கிறாள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பு பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாமல் ஏறும். இருபது வாரத்துக்குப் பிறகு, நான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோய்க்கணக்கில் வரும். 160/110-ஐத் தொட்டால் அவசரம். மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். சிறுநீரில் ‘ஆல்புமின்’ சேர்ந்துகொண்டால் அது ப்ரீ-எக்லாம்ப்சியா. ஆல்புமின் இல்லாவிட்டாலும், தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினாலோ, கல்லீரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டாலோ அதே நோய்தான். இவையெல்லாம் பிபி கருவியிலும் ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளிலும்தான் தெரியும். அதனால்தான் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கையில் பட்டை கட்டுகிறார்கள், சிறுநீரை அளக்கிறார்கள், குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிறார்கள். நேற்று லேசாக இருந்த நோய் இன்று இரவே கடுமையாகலாம்.

“கண்டதையும் யோசிச்சு டென்ஷன் ஆகுறா, அதான் ஏறுது.” உறவுக்காரர்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் இந்த வார்த்தை, படுத்திருப்பவள் மனதில் முள்ளாகத் தைக்கிறது. நோய் தொடங்கும் இடம் நச்சுக்கொடி. கர்ப்பத்தின் முதல் பாதியில் கருப்பையின் ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்து நச்சுக்கொடிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அவை சரியாக விரிவதில்லை. ரத்தம் போதாத நச்சுக்கொடியிலிருந்து கசியும் சில புரதங்கள் தாயின் உடம்பெங்கும் ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன, பிபி ஏறுகிறது. முதல் பிரசவம், இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே உள்ள பிபி, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருப்பது ஆகியவை வாய்ப்பைக் கூட்டும். அவள் அழுததாலோ கோபப்பட்டதாலோ இது வரவில்லை. இதை அவளிடம் யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

“நாங்கல்லாம் நாத்து நட்டுக்கிட்டே புள்ள பெத்தோம், உடம்பை அசைச்சா இதெல்லாம் வராது” என்பது இன்னொன்று. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 4×100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்றது அமெரிக்கப் பெண்கள் அணி. அதில் ஓடிய அலிசன் ஃபீலிக்ஸுக்கு 2018-ல், 32-வது வாரத்தில், வழக்கமான செக்கப்பில் கடுமையான ப்ரீ-எக்லாம்ப்சியா என்று தெரிந்தது. அவசர சிசேரியன், மகள் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்தாள். அதே அணியில் கடைசிப் பகுதியை ஓடி முடித்த டோரி போவி, 2023-ல் எட்டு மாத கர்ப்பிணியாக, 32 வயதில், தன் வீட்டில் இறந்து கிடந்தார். காரணமாக இருந்திருக்கக்கூடியவற்றில், இந்த நோய் முற்றி வலிப்பு வரும் நிலையான எக்லாம்ப்சியாவையும் பிரேதப் பரிசோதனை அறிக்கை குறிப்பிட்டது. அவர்களைவிட உடம்பை அசைத்தவர்கள் உலகில் எத்தனை பேர்?

அட்மிஷன் என்றாலே அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றும் நினைக்கிறார்கள். முழு நேரப் படுக்கை பலன் தருவதில்லை என்பதால் அதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே சொல்லிவிட்டது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். டாக்டர் தடை சொல்லாதவரை வராந்தாவில் நாலு நடை நடக்கலாம். உப்பை அறவே நிறுத்தினால் இந்த நோய் வராது என்பதற்கும் ஆதாரம் இல்லை. உப்பில்லாத சாப்பாடு தொண்டையில் இறங்காமல் தட்டை அப்படியே ஒதுக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் சத்துக்குறைவுதான் மிச்சம்.

கால் வீக்கத்துக்குப் பார்லி தண்ணி குடிப்பதில் தவறில்லை, ஆனால் அது பிபியை இறக்காது. கர்ப்பிணிகளில் பலருக்குக் கால் வீங்கும். வீக்கமே இல்லாமலும் இந்த நோய் முற்றும். முகமும் கையும் திடீரென உப்பினால்தான் உடனே சொல்ல வேண்டும். தீராத தலைவலி, கண் மங்கல், கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி ஆகியவையும் அப்படியே. மேல்வயிற்று வலியை ‘கேஸ்’ என்று நினைத்து ஓம வாட்டர் குடித்துவிட்டுக் காத்திருப்பது மிக ஆபத்தான பழக்கம்.

வார்டில் அதிகம் பயப்படுவது ஓர் ஊசிக்கு. “அந்த ஊசி போட்டா கேஸ் கைமீறிப் போச்சுன்னு அர்த்தம்” என்பார்கள். அது மெக்னீசியம் சல்ஃபேட். வலிப்பு வராமல் காப்பதற்காகப் போடுவது. நரம்பில் மெதுவாக ஏற்றும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவும், முகம் சிவக்கும். தப்பான ஊசி போட்டுவிட்டார்கள் என்று கூட இருப்பவர்கள் பதறுவது அப்போதுதான். பிறகு இரண்டு இடுப்பிலும் ஊசி, அதன்பின் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் முன் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கால் துள்ளினால் அடுத்த ஊசி போடலாம். துள்ளாவிட்டால் மருந்து உடம்பில் அதிகமாகிவிட்டது என்று நிறுத்துவார்கள். மூச்சையும் எண்ணுவார்கள், சிறுநீர் எவ்வளவு வருகிறது என்றும் பார்ப்பார்கள். மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் கையெட்டும் தூரத்தில் இருக்கும். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-ல் வெளியான ‘மேக்பை’ ஆய்வில், இந்த மருந்து வலிப்பைப் பாதிக்கும் மேல் குறைத்தது.

வீட்டிலேயே வலிப்பு வந்துவிட்டால் இரும்புச் சாவியைத் தேட வேண்டாம். வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்கவே வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்று தலையணைக்கடியில் ஒளித்து வைப்பவர்களும் உண்டு. கர்ப்பத்தில் கொடுக்கும் லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மூன்றும் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் இருப்பவை. முன்பு சாப்பிட்டுவந்த வேறு பிபி மாத்திரை சிலது குழந்தைக்கு ஆகாது என்பது உண்மைதான். அதனால்தான் மாற்றித் தருகிறார்கள். ‘பிபின்னா ஆபரேஷன்தான்’ என்பதும் சரியல்ல. நெதர்லாந்தில் 756 பெண்களிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், 36 வாரம் கடந்தவர்களுக்கு மருந்து கொடுத்து வலி வரவழைத்ததால் தாய்க்கு வரும் சிக்கல்கள் குறைந்தன, சிசேரியன் கூடவில்லை.

குழந்தை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை மட்டும் டாக்டர்களே சில சமயம் திருத்த மறந்துவிடுகிறார்கள். நச்சுக்கொடி வெளியேறிய பிறகும் பிபி மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் மறுபடி உச்சம் தொடலாம். தாய் வீட்டுக்குப் போய்ச் சேரும் நாட்களும் பெரும்பாலும் அவைதான். அங்கே தலைவலி என்றால் ‘பச்சை உடம்பு, காத்து பட்டிருக்கும்’ என்று தலையில் துணி கட்டிவிடுவார்கள். பிபியை யாரும் பார்ப்பதில்லை. பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை பிபி பார்த்துக்கொள்வது அவசியம். வயதான காலத்தில் இதய நோய், பக்கவாத வாய்ப்பும் இவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அடுத்த கர்ப்பத்தின் முதல் செக்கப்பிலேயே அதைக் காட்டினால், 16 வாரத்துக்கு முன்பே தினமும் சிறிய அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வார்.