தாத்தாவின் ரிவால்வருக்கு நிக்கல் வேண்டாம்



குன்னூரிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. தாத்தா வைத்திருந்த .32 வெப்ளி ஸ்காட் இப்போது உங்கள் லைசென்ஸில் ஏறிவிட்டது, நீல மெருகு தேய்ந்து அங்கங்கே துரு தெரிகிறது, பக்கத்து ஊர் பட்டறையில் நிக்கல் போட்டுப் புதுசாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில்.

லைசென்ஸை ஒழுங்காக மாற்றிக்கொண்டதற்கு முதலில் பாராட்டு. உரியவர் காலமானதும் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பல வீடுகளில் அது பீரோவுக்குள்ளேயே கிடந்து பிறகு வம்பாகிறது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது இரண்டுதான். வாரிசாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும்.

இப்போது நிக்கலுக்கு வருவோம். பூசுவதற்கு முன் பட்டறைக்காரர் இரும்பைப் பஃப் சக்கரத்தில் கொடுத்துத் தேய்ப்பார். விளிம்புகள் உருண்டுபோகும், திருகுத் துளைகளின் வாய் குழியும், பர்மிங்ஹாம் சோதனைச்சாலை குத்திய கிரீட முத்திரைகள் மங்கும். வரிசை எண்ணும் மங்கும். 1959 ஆயுதச் சட்டப்படி அந்த எண்ணை அழிப்பதோ மாற்றுவதோ குற்றம். எண் தெரியாத துப்பாக்கியை நீங்கள் விற்கவும் முடியாது. ஆயுதங்களைப் பழுதுபார்க்க லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுப்பதும் அதே சட்டத்தில் இடிக்கும். போதாததற்கு, அமிலத் தொட்டியில் முக்கினால் கடினமான ஸ்பிரிங்குகள் ஹைட்ரஜனை உறிஞ்சி, ஒருநாள் பட்டென்று முறியும். கோயில் தூண்களை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறோம் என்று கல்வெட்டுகளை மழுக்கினார்களே, அந்த வேலைதான் இதுவும்.

அந்த நீலம் மேலே தடவிய சாயம் இல்லை. இரும்பையே பக்குவமாகத் துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் போட்டால் செந்துரு கருந்துருவாக மாறும். அதைத் துலக்கிவிட்டு மறுபடி துருப்பிடிக்க வைப்பார்கள். இப்படிப் பல சுற்று. பழைய பட்டறைகளின் முறைகளில் இது ஒன்று. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் சேர்த்து 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கவைக்கும் முறை பின்னால் பரவியது. பாட்டிலில் விற்கும் ‘கோல்ட் ப்ளூ’ இரண்டுக்கும் ஈடாகாது. ஒரு கீறலை மறைக்கலாம். கை பட்டுப் பட்டுச் சீக்கிரம் போய்விடும். தாத்தாவின் உள்ளங்கை தேய்த்த இடம் வெளிறியே இருக்கட்டும். சேகரிப்பவர்களும் தேய்ந்த அசல் மெருகைத்தான் மதிப்பார்கள். புதுப் பளபளப்பு விலையைக் குறைக்கும்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எப்போது கையில் எடுத்தாலும் முதலில் தாழ்ப்பாளைத் தள்ளிக் குழலை மடக்கித் திறந்து, ஆறு அறையும் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். துரு உள்ள இடத்தில் தையல் மெஷின் எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு மிக மெல்லிய எஃகுப் பஞ்சால், எண்ணெயோடு, அழுத்தாமல் தேயுங்கள். செந்துரு எழுந்து வரும்; கருநிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். உங்கள் ஊர்க் குளிரில் உறைந்து பிசுபிசுக்கும். திருகுகளைக் கழற்றும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பிளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் ஒரே திருப்பில் அதன் வாயைச் சிதைத்துவிடும்.

கைப்பிடிப் பலகை கருப்பு வல்கனைட்டாக இருந்தால் வெயிலில் காட்டாதீர்கள், பழுப்பாகிவிடும். தோல் உறையில் போட்டு வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பதனிட்ட தோல் ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்திருக்கும். உங்கள் ஊருக்கோ இரண்டு பருவமழை. உறையைத் தனியாக எடுத்து வையுங்கள். ரிவால்வரை எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மழை மாதங்களில் அடிக்கடி எடுத்துப் பாருங்கள், விரல்ரேகை பட்ட இடத்தைத் துடைக்காமல் திரும்ப வைக்காதீர்கள்.

சிலிண்டர் ஆடுகிறதா, ஒவ்வொரு அறையும் குழலுக்கு நேராக வந்து நிற்கிறதா, தாழ்ப்பாள் தளர்ந்திருக்கிறதா என்பதை லைசென்ஸ் உள்ள பழுதுபார்ப்பவர் சொல்லட்டும். வேலை நடந்தால் ரசீது வாங்கி லைசென்ஸோடு வைத்துக்கொள்ளுங்கள். காலி அறையில் விசையைச் சொடுக்கி விளையாட வேண்டாம், ஹேமர் முனை உடையும்.

உறையின் வார்ப்பட்டையில் தாத்தா காலத்துத் தோட்டாக்கள் இன்னும் செருகியிருக்கின்றன என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். பச்சைக் களிம்பு ஏறியவற்றைச் சுட்டுப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி இந்த வாரமே ஒப்படைத்துவிடுங்கள்.