காவிக் கணக்கும் கடல் நீரோட்டமும்

உயர்வகுப்பு மாணவர்கள் காவிகளைப் படிக்கும்போது ஆற்றைக் கடக்கும் படகுக் கணக்கு தவறாமல் வரும். அவுஸ்திரேலியாவில் வாழும் நாம் இம்முறை அதே கணக்கைக் கடற்கரைக்குக் கொண்டு செல்வோம். கோடை விடுமுறையில் நம் பிள்ளைகள் இறங்கும் நீர் அதுவல்லவா?

அலைகள் கரையில் கொண்டுவந்து சேர்க்கும் நீர், ஒடுங்கிய வாய்க்கால் போன்ற வழியால் மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது. இதனை ரிப் என்பர். சிட்னியில் பொண்டாய் கடற்கரையின் தெற்கு முனை இதற்குப் பேர்போனது. ரிப்பின் கதி பொதுவாகச் செக்கனுக்கு அரை மீற்றர் அளவில் இருக்கும். 2.4 மீற்றர் வரையும் அளந்திருக்கிறார்கள். அது ஒலிம்பிக் விரைவு நீச்சல் வீரரின் கதிக்கு ஈடானது.

நாம் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்றே: நீந்துபவரின் கரை சார்பான வேகம், அவரது நீர் சார்பான வேகத்தினதும் நீரின் கரை சார்பான வேகத்தினதும் காவிக் கூட்டுத்தொகையாகும்.

உதாரணமாக, ரிப் நேரே கடலை நோக்கிச் செக்கனுக்கு 0.8 மீற்றர் கதியில் ஓடுகிறது எனக் கொள்வோம். அதன் நடுவில் அகப்பட்டவர் அசையா நீரில் 0.6 மீற்றர் கதியில் நீந்த வல்லவர். ரிப்பின் ஓரம் அவருக்குப் பக்கவாட்டில் 12 மீற்றர் தூரத்தில் உள்ளது.

1. கரையை நோக்கி நீந்தினால்: 0.6 − 0.8 = −0.2. முழுப் பலத்துடன் நீந்தியும் ஒரு நிமிடத்தில் 12 மீற்றர் பின்னே போகிறார். களைப்பே மிச்சம்.

2. கரைக்குச் சமாந்தரமாக நீந்தினால்: இரு வேகங்களும் செங்கோணத்தில் உள்ளன. பைதகரஸ் தேற்றப்படி விளையுள் வேகம் செக்கனுக்கு 1 மீற்றர். குறுக்கே செல்லும் கூறு 0.6 ஆதலால் 12 ÷ 0.6 = 20 செக்கனில் ரிப்பை விட்டு வெளியேறுகிறார். அதற்குள் கடற்பக்கம் 16 மீற்றர் நகர்ந்திருப்பார். ஆனால் இனி அவரை இழுக்கும் ஓட்டம் இல்லை.

3. சற்றும் பின்தள்ளப்படாமல் நேரே குறுக்கே செல்ல முடியுமா? அதற்குச் சரிவுக் கோணத்தின் சைன் 0.8 ÷ 0.6 ஆக வேண்டும். இது 1ஐ விடப் பெரிது. அப்படியொரு கோணமே இல்லை.

ஆகவே வெளியேறும் நேரத்தைத் தீர்மானிப்பது குறுக்குக் கூறு மட்டுமே. பதறிப்போய் ஓட்டத்தை நேரே எதிர்ப்பவருக்கு அக்கூறு பூச்சியம்.

உண்மையான ரிப் கணக்கைப் போல நேராக ஓடுவதில்லை. வளைந்து சுழல்வதும் உண்டு. எனவே நீச்சலில் தேர்ச்சியில்லாதவர் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்பதே நன்று. சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டுமே குளிப்பது அதனினும் நன்று. பெற்றோர் இதைப் பிள்ளைகளுடன் இருந்து வரைந்து காட்டலாம்.

பயிற்சி: மேற்படி நீந்துபவர் குறுக்குத் திசையிலிருந்து 30 பாகை கரைப்பக்கம் சரிந்து நீந்தினால், வெளியேறும் நேரமும் கடற்பக்க நகர்வும் எவ்வளவு?

விடை: ஏறத்தாழ 23.1 செக்கன், 11.5 மீற்றர். நகர்வு குறைகிறது, நேரம் கூடுகிறது. ஏன் என்று சிந்தியுங்கள்.