ஓடுபாதை ஓரத்து வேடிக்கை

ஆகாயவிமானத்தின் ஒலி கேட்டவிடத்து அண்ணாந்து பாராதார் அரியர். சிறுவர் முதல் முதியோர் ஈறாக யாவர்க்கும் அதன்பால் ஓர் ஈர்ப்பு இயல்பாக அமைந்திருக்கின்றது. இவ்வார்வத்தை முறைப்படுத்தி, வருகின்ற விமானம் எவ்வகையினது, எந்நாட்டினது, அதன் பதிவெழுத்து யாது என்று குறிப்பேட்டில் எழுதி வருவோரும் உலகிற் பலர் உளர். விமானத்தின் உடலிற் பொறிக்கப்படும் எழுத்துக்களுள் ‘4ஆர்’ இலங்கையையும், ‘வீரீ’ இந்தியாவையும், ‘ஜீ’ பிரித்தானியாவையும் குறிக்கும். கண்ணையும் நினைவையும் ஒருங்கே பயிற்றும் இப்பொழுதுபோக்கு நன்றே. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியாவின் தொண்டர்கள் பலர், விமானத்தின் வடிவத்தைக் கொண்டே பகையெது, நட்பெது எனப் பகுத்தறிந்து நாட்டைக் காத்தற்கு உதவினர். ஆனால், விமானத்தை எங்கு நின்று பார்ப்பது என்னும் வினாவுக்குத் தக்க விடை அறியாதார் உயிரையும் இழக்க நேரும். அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கரிபியன் கடலிலே ஒரு சிறு தீவு உண்டு. அதன் வடபகுதி பிரான்சுக்கும் தென்பகுதி நெதர்லாந்து இராச்சியத்துக்கும் உரியன. சின்ற் மார்ட்டின் எனப்படும் தென்பகுதியில் இளவரசி யூலியானா விமான நிலையம் அமைந்துள்ளது. அதன் ஓடுபாதை ஏறத்தாழ 2,300 மீற்றர் நீளமுடையது. பாதையின் மேற்கு முனையில் ஒரு கம்பிவேலி. வேலியை அடுத்து ஓர் ஒடுங்கிய தெரு. தெருவை அடுத்து மாஹோ என்னும் கடற்கரை. இறங்கும் விமானங்கள் கடலின் மேலாக வந்து, குளிப்போரின் தலைக்கு மேலே மிகத் தாழ்ந்து செல்லும். இக்காட்சியைக் காண உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அங்கே திரள்கின்றனர்.

அவர்கள் அஞ்சுவது எதற்கு? தலைக்கு மேலே வரும் விமானத்துக்கே அஞ்சுகின்றனர். அது பெரியது, பேரொலியுடன் தம்மை நோக்கி வருவது. ஆனால், இறங்கும் விமானத்தின் பொறிகள் குறைந்த ஆற்றலுடனேயே இயங்குகின்றன. சில கணங்களில் அது கடந்தும் போகின்றது. அதனாலும் தீங்கில்லை என்று கூறுவதற்கில்லை. இறக்கைகளின் நுனியில் எழும் சுழற்காற்று, விமானம் சென்ற பின்னரும் நிலத்தை நோக்கி இறங்கும். இலண்டன் ஹீத்துரூ விமான நிலையத்தை அடுத்துள்ள வீடுகளின் கூரை ஓடுகளை இக்காற்றுப் பெயர்ப்பதுண்டு. எனினும், அதனிலும் பன்மடங்கு கொடியது புறப்படும் விமானத்தின் பின்புறத்திலே உளது. முகங்காட்டி வருவதற்கு அஞ்சும் மனிதர், முதுகு காட்டி நிற்பதற்கு அஞ்சுவதில்லை. இங்ஙனம் அச்சம் இடம் மாறி நிற்பதே பெருந்தீங்கிற்குக் காரணமாகின்றது.

இதன் காரணத்தை விஞ்ஞான முறையில் நோக்குவோம். ஒவ்வொரு தாக்கத்திற்கும் சமமானதும் எதிரானதுமான மறுதாக்கம் உண்டு என்பது, 1687இல் வெளிவந்த தமது நூலில் நியூற்றன் நிலைநாட்டிய விதி. தாரைப்பொறி இவ்விதியைக் கொண்டே இயங்குகின்றது. பொறி காற்றை உள்ளிழுத்து மிகுந்த கதியுடன் பின்னே தள்ளுகின்றது. அதன் மறுதாக்கமாக விமானம் முன்னே உந்தப்படுகின்றது. இன்று பெருவழக்கிலுள்ள போயிங் 737 வகை விமானங்களுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பொறியொன்றின் உதைப்பு ஏறத்தாழ 12 தொன் நிறைக்குச் சமமாகும். முழு ஆற்றலுடன் இயங்கும்போது அப்பொறி செக்கனுக்கு ஏறத்தாழ 350 கிலோகிராம் காற்றை, செக்கனுக்கு 300 மீற்றரை மிஞ்சிய சராசரிக் கதியிற் பின்னே எறிகின்றது. விமானத்தை வானில் ஏற்றுவதற்கு எத்துணை விசை வேண்டுமோ, அத்துணை விசையும் பின்னால் நிற்போர் பக்கமாகவே காற்றைத் தள்ளுகின்றது. அத்தாரை போகப்போக விரிந்து கதி குறையுமேயன்றித் திடீரென மறைந்துவிடுவதில்லை.

காற்றின் விசை அதன் கதியின் வர்க்கத்துக்கேற்ப வளரும். கதி இருமடங்காயின் விசை நான்கு மடங்காகும். நேராக நிற்கும் ஒருவரின் உடல் காற்றை எதிர்க்கும் பரப்பு 0.7 சதுர மீற்றர் எனக் கொண்டு கணித்துப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் கதியுள்ள காற்று அவரை ஏறத்தாழ 8 கிலோகிராம் நிறையளவு விசையாலே தள்ளும். அதனைத் தாங்கி நிற்கலாம். 100 கிலோமீற்றராயின் அவ்விசை 33 கிலோகிராம் ஆகும். 65 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் பாதம் நிலத்தைப் பற்றும் உராய்வு, அவர் நிறையிற் பாதியளவு எனக் கொண்டால், அந்நிலையிலேயே அவர் கால் வழுக்கத் தொடங்கும். 150 கிலோமீற்றராயின் விசை 74 கிலோகிராம்; அஃதாவது, அவரது முழு நிறையிலும் மிகுதி. சூறாவளி என்று நாம் அஞ்சும் காற்றின் கதி இதுவே. முழு உதைப்புடன் நிற்கும் விமானத்தின் பின்னே பல பத்து மீற்றர் தூரம்வரை இத்தகைய காற்று வீசும்.

மாஹோவிலே மக்கள் செய்வது யாது? வேலிக்கம்பியை இரு கைகளாலும் இறுகப் பற்றி, எழும் காற்றைத் தாங்கிப் பார்க்க முயல்கின்றனர். பாதையின் கிழக்கே குன்றுகள் இருத்தலின், புறப்படும் விமானிகள் பாதையின் நீளத்தை வீணாக்காது, வேலியை அண்மியே தம் விமானத்தை நிறுத்திப் பொறிகளை முடுக்குவது வழக்கம். அப்பொழுது பற்றியவரின் உடல் கொடிச்சீலை போற் கிடையாக எழும். கை நழுவினால் அவர் தெருவையும் சீமெந்துத் தடையையும் நோக்கி எறியப்படுவார். உயிரிழப்பும் ஏற்படலாம் என்னும் எச்சரிக்கைப் பலகைகள் அங்கு நாட்டப்பட்டிருந்தும், 2017 யூலையில் நியூசிலாந்திலிருந்து சென்ற பெண்ணொருவர் இங்ஙனமே எறியப்பட்டு, தலையில் அடிபட்டு இறந்தார். இங்கே நாம் ஒன்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். மாஹோவுக்குப் பெரும்புகழ் தேடித்தந்த ஒல்லாந்த நாட்டுப் போயிங் 747 சேவை 2016 ஒக்ரோபரிலேயே முடிவுற்றது. உயிர் கொண்டதோ அதனினும் மிகச் சிறிய போயிங் 737. ஆகவே, பெரிய விமானம் வரும்போது மட்டும் விலகினாற் போதும் என்னும் எண்ணமும் தவறாகும்.

நம் பழைய மாணவருட் சிலர், 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்த காலத்தை அறிவர். அந்நாளைய டக்கோட்டா விமானம் 1,200 பரிவலுவுடைய இரு பொறிகளைக் கொண்டது. அதன் சுழல்விசிறியும் புழுதியை வாரி இறைத்ததாயினும், முதன்மையான ஆபத்து முன்னேயிருந்தது. சுழலும் விசிறியை எவரும் கண்டு விலகுவர். தாரை விமானத்தின் ஆபத்தோ கண்ணுக்குப் புலப்படாத காற்று. எனவே, பழைய அனுபவம் புதிய பொறிக்கு வழிகாட்டமாட்டாது.

ஒலியாலும் தீங்குண்டு. 85 தெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 தெசிபெல் உயர்வுக்கும் அந்நேரத்தைப் பாதியாக்குதல் வேண்டும் என்றும் தொழிலாளரின் செவிநலங் கருதி வகுத்த அமெரிக்க நெறியொன்று கூறுகின்றது. அக்கணக்கின்படி 115 தெசிபெல் ஒலியை அரை நிமிடந்தானும் கேட்டல் ஆகாது. தாரையோடு பறந்துவரும் மணலும் கல்லும் கண்ணுக்குக் கேடு செய்வன.

பார்ப்போரால் விமானத்துக்கும் தீங்கு நேரலாம். 2000 யூலை 25ஆந் திகதி பாரிசு நகருக்கு அண்மையிற் கொன்கோட் விமானம் வீழ்ந்து 113 பேர் மாண்டனர். முன்னர்ப் புறப்பட்ட வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்து கிடந்த, ஏறத்தாழ 43 சதமமீற்றர் நீளமான உலோகத் துண்டு சில்லைக் கிழித்தமையே அதன் தொடக்கம். அற்பமென நாம் கருதும் பொருளும் ஓடுபாதையில் அற்பமன்று. வேலியோரத்திற் கைவிடும் போத்தலும் பையும், விமானத் தளத்தருகே ஏற்றும் பட்டமும் எத்தனை உயிர்களுக்குப் பகையாகலாம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆதலால், பார்வையாளர் கொள்ளவேண்டிய நெறிகள் சில. ஓடுபாதையின் முனைக்கு நேரே நில்லாது, பக்கத்திலே தூரத்தில் நின்று பார்த்தல் வேண்டும். அனுமதிக்கப்பட்ட பார்வையிடங்களையே நாடுதல் நன்று. வேலியைப் பற்றுதலும் அதன்மேல் ஏறுதலும் ஆகா. எச்சரிக்கைப் பலகையை விளம்பரப் பலகையெனக் கருதிப் படமெடுத்துச் செல்லாது, அதன் சொல்லுக்கு அமைதல் வேண்டும். சிறுவரை உடன் கொண்டு செல்வோர் இருமடங்கு விழிப்பாயிருத்தல் வேண்டும். தொலைவிலுள்ள பதிவெழுத்தை வாசித்தற்கு நல்ல இருகண் நோக்கி ஒன்று போதும்.

பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்ரோபர் 17ஆந் திகதி திறக்கப்பட்டது. நம் மாணவருள் விமானத்தை விரும்பிக் கற்போர் இனிப் பெருகுவர். விமானிகளாகவும் பொறியியலாளர்களாகவும் அவருட் சிலர் விளங்குவர். அவர்கள் ஓடுபாதையை அணுகுமுன் அதன் பௌதிகத்தை அறிந்துகொள்வாராக. எதற்கு அஞ்சவேண்டும் என்று கணித்தறிந்து, அதற்கேற்ப எட்டி நிற்பது கோழைமையன்று. அதுவும் கல்வியின் பயனேயாகும்.