கினிப் பன்றிக்கு ஃப்ளீஸ் விரிப்பு: கண் அடித்துணியில் இருக்கட்டும்

புது ஃப்ளீஸ் துணியை மேசைமேல் விரித்து ஒரு தேக்கரண்டி தண்ணீரை ஊற்றினால், தாமரை இலைத் தண்ணீர்போல் அது உருண்டு மேலேயே நிற்கும். அதே துணியை மூன்று நான்கு முறை வெந்நீரில் துவைத்துக் காயவைத்து, அடியில் ஒரு பழைய துண்டை வைத்து மறுபடி ஊற்றினால் சில நொடிகளில் நீர் இறங்கிவிடும். மேல்பக்கத்தை விரலால் தொட்டால் ஏறக்குறைய உலர்ந்திருக்கும், துண்டு நனைந்திருக்கும். கினிப் பன்றி வளர்ப்பவர்கள் ஃப்ளீஸைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் ஏறக்குறைய இந்தச் சோதனைக்குள் வந்துவிடுகிறது. ஃப்ளீஸ் என்பது பாலியஸ்டர். சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் பிடிப்பது அரை சதவீதம்கூட இல்லை. ஆகவே ஃப்ளீஸ் சிறுநீரைக் குடிப்பதில்லை, சல்லடைபோலக் கீழே விட்டுவிடுகிறது. குடிக்கும் வேலை அடியில் இருக்கும் துணியுடையது. ஃப்ளீஸ் போட்டும் நாற்றம் போகவில்லை என்ற குறை எழும் வீட்டில் பெரும்பாலும் மேல்துணி மட்டும் மாறியிருக்கும், அடித்துணி அப்படியே கிடக்கும்.

மேற்பரப்பு உலர்ந்திருப்பது அழகுக்காக அல்ல. கினிப் பன்றியின் உள்ளங்காலில் முடி கிடையாது. ஒரு கிலோ எடையுள்ள உடலை அந்த வெறும் தோல்தான் நாள் முழுக்கத் தாங்குகிறது. ஈரத்திலும் சொரசொரப்பிலும் நின்றால் தோல் சிவந்து தடித்துப் புண்ணாகும். அந்தப் புண் எலும்புவரை போனால் ஆற்றுவது கடினம். இன்னொரு ஆபத்து மூச்சில் வருகிறது. சிறுநீரில் உள்ள யூரியாவை ஈரத்தில் பெருகும் பாக்டீரியா அம்மோனியாவாக மாற்றும். நமக்கு மூக்கில் லேசாக உறைக்கும் அளவு என்றால், தரையோடு தரையாக மூக்கை வைத்து உறங்கும் பிராணிக்கு அது எவ்வளவு நெருக்கம் என்று யோசிக்க வேண்டும். நுரையீரல் தொற்று இவற்றின் உயிரை எளிதில் வாங்கிவிடும்.

துணி வாங்கும்போதே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. திருப்பூர்ப் பனியன் தொழிலில் ஃப்ளீஸ் என்ற சொல் உட்பக்கம் பஞ்சாகச் சீவிய பருத்தித் துணிக்கும் வழங்குகிறது. எக்ஸ்போர்ட் மிச்சமாக வரும் ஸ்வெட்ஷர்ட் துணி பல சமயம் அந்த வகைதான். தொட்டால் மெத்தென்று இருக்கும். கூண்டில் போட்டால் சிறுநீரைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு பிராணியின் வயிற்றை நனைக்கும். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கிக் கடினமான கருமணியாக நிற்கும். குளிர்காலத்தில் விற்பனைக்கு வரும் நீண்ட ரோமப் போர்வை பாலியஸ்டராக இருந்தாலும் வேண்டாம். ரோமத்தில் நகம் சிக்கும், காய்ந்த புல் பின்னிக்கொள்ளும். இருபக்கமும் குட்டையாகச் சீவிய, நடுத்தரத் தடிமனுள்ள ஃப்ளீஸ்தான் வேண்டும்.

இரண்டு கினிப் பன்றிகளுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலமாவது கூண்டு இருக்க வேண்டும். அதன் தரையில் முதலில் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் தட்டோ ரெக்சினோ. அதன்மேல் தேங்காய்ப்பூ துண்டு இரண்டு மடிப்பு. துண்டு இல்லையென்றால் எண்ணெய் படாத புது பனியன் வேஸ்ட் துண்டுகளை நான்கைந்து அடுக்காக வைத்து, வெள்ளைப் பருத்தித் துணிக்குள் போட்டு ஓரம் அடித்து மெத்தைபோலத் தைக்கலாம். அதற்கும் மேலே ஃப்ளீஸ், எல்லாப் பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக. அந்தக் கூடுதலைத் தட்டின் அடியில் மடித்துச் செருகிவிட்டால் பிராணி துணிக்குள் நுழைந்து புழுங்காது. புல் வைக்கும் இடத்திலும் ஒளிந்துகொள்ளும் பெட்டிக்குள்ளும்தான் அவை அதிகம் சிறுநீர் விடும். அந்த இரண்டு இடத்திலும் ஒரு அடிச் சதுரத்தில் தனி மெத்தை ஒன்றை மேலே போட்டு தினமும் மாற்றினால், பெரிய விரிப்பு மூன்று நான்கு நாள் தாங்கும்.

இவ்வளவு எதற்கு, மரத்தூள் போட்டால் போதாதா என்பது நியாயமான கேள்வி. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மரத்தூள் மலிவு. ஆனால் சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் கிடைக்கும் தூளில் எது பேக்கிங் பெட்டியையும் பேலட்டையும் அறுத்த தூள் என்று வாங்குபவருக்குத் தெரியாது. இறக்குமதிப் பேலட்டில் எச்.டி. என்ற முத்திரை சூடேற்றிய மரத்தைக் குறிக்கும், எம்.பி. என்பது மெத்தில் புரோமைடு புகையிட்டதைக் குறிக்கும். தூளாகிவிட்டால் முத்திரை ஏது? மேலும் சூட்டில் உலர்த்தாத பைன் மரத்தின் வாடைப் பொருளே சிறு கொறிப்பனவற்றின் மூச்சுக்கு ஆகாது. நெல் உமி கூராக இருக்கும், தூசியும் கிளப்பும். பட்டறையில் எந்திரம் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டை ஒருபோதும் போட வேண்டாம். நூல் காலைச் சுற்றி இறுக்கும், விழுங்கினால் குடலை அடைக்கும். தூசி நீக்கிய நல்ல மரச்சீவல் கிடைத்தால் அது கெட்டதல்ல. ஆனால் அதை வாரந்தோறும் வாங்கிக் கொட்ட வேண்டும். ஃப்ளீஸை ஆண்டுக்கணக்கில் துவைத்துத் துவைத்துப் போடலாம். ஃப்ளீஸையே கடித்துத் தின்னும் பிராணிக்கு மட்டும் இந்த முறை ஒத்துவராது.

தினசரி வேலை பத்து நிமிடம். ஒரு கினிப் பன்றி நாளொன்றுக்கு நூறு புழுக்கைக்கு மேல் போடும். காய்ந்த புழுக்கையைச் சிறு தூரிகையும் முறமும் கொண்டு காலை மாலை கூட்டி எடுக்க வேண்டும். தன் சத்துக்காக அது உண்ணும் மென்மையான புழுக்கையை நேரடியாக வாயில் எடுத்துக்கொள்வதால், தரையில் கிடப்பதை அள்ளுவதில் குற்றமில்லை. வீட்டில் இருவரும் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், வேலைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, திரும்பிய பின் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது. எடுத்ததை ரோஜாத் தொட்டியில் போடலாம்.

துவைப்பதில்தான் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினம். சோப்புக் கட்டி போட்டுத் தேய்த்தால் கால்சியத்தோடு சேர்ந்து வெண்ணிறப் பிசுக்காக நாரில் ஒட்டும். ஒட்டியதும் ஃப்ளீஸ் மீண்டும் தாமரை இலையாகிவிடும். ஃபேப்ரிக் சாஃப்ட்னரும் இதையேதான் செய்யும். ஆகவே சோப்புக் கட்டி வேண்டாம், சாஃப்ட்னர் வேண்டாம், வாசனை குறைந்த திரவ டிடர்ஜென்ட் வழக்கமான அளவில் பாதி போதும். முதலில் மொட்டைமாடியில் துணியை உதறி, முடியையும் புல்லையும் ரப்பர்க் கையுறையால் ஒரே திசையில் வழித்து எடுங்கள். விட்டால் மெஷினின் வடிகட்டி அடைபடும். பிறகு வலைப்பைக்குள் போட்டு 60 டிகிரி வெந்நீரில் ஓடவிடலாம். துணியில் சுண்ணாம்புபோல் வெள்ளைத் திட்டு இருந்தால் அது சிறுநீரில் வரும் கால்சியம் கார்பனேட். ஒரு வாளித் தண்ணீரில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்தால் கரைந்துவிடும். திட்டு மிக அதிகமாக இருந்தால் தீவனத்தையும் பார்க்க வேண்டும். வளர்ந்த கினிப் பன்றிக்குத் தினமும் குதிரைமசால் போட்டால் சிறுநீரில் கால்சியம் ஏறும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர்த் துணியிலும் வினிகரோடும் சேர்க்காதீர்கள். இரண்டிலும் நச்சு வாயு கிளம்பும்.

தண்ணீர் வீணாகாதா என்ற ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு ஒவ்வொரு வாளியும் காசு. தென்பெண்ணை பெங்களூரின் கழிவுகளோடு வந்து கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்குவதைப் பார்த்த ஊரில், கூடுதல் டிடர்ஜென்ட்டை யாரும் லேசாக எண்ண மாட்டார்கள். பாலியஸ்டர் ஒவ்வொரு துவைப்பிலும் நுண்ணிய இழைகளை உதிர்க்கும் என்பதும் உண்மை. நெருக்கமான வலைப்பை அதைக் குறைக்கும், நிறுத்தாது. தினமும் முழு விரிப்பைத் துவைக்காமல் மூலை மெத்தைகளை மட்டும் மாற்றச் சொல்வது இதனால்தான். பாதி டிடர்ஜென்ட் போட்டால் ஒருமுறை அலசினாலே போதும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் அந்த அலசலுக்கு மட்டும் ஒரு வாளி எடுத்துக்கொண்டால் துணி விறைக்காது.

உலர்த்தும்போது மறுபடியும் அடித்துணிதான் கவனத்தைக் கேட்கும். ஜூன் முதல் நவம்பர் வரை ஓசூரில் மேகமும் தூறலுமாக இருக்கும் நாள்கள் பல. பிழிந்த ஃப்ளீஸ் மின்விசிறிக் காற்றில் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். இரண்டு மடிப்புத் துண்டு இரண்டு நாள் கேட்கும், உள்ளே ஈரம் இருக்கும்போதே கூண்டில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே ஃப்ளீஸ் இரண்டு போதும், துண்டு நான்கு வேண்டும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரின் மார்கழிக் குளிருக்கு ஃப்ளீஸ் சுகமானது. கீழே கிருஷ்ணகிரியில் ஏப்ரல், மே வெயிலில் அதுவே சூட்டைக் கூட்டும். 28 டிகிரியைத் தாண்டினாலே இந்தப் பிராணி திணறத் தொடங்கும். அப்போது விரிப்பின் ஒரு பகுதியை மடித்துவிட்டு, அங்கே குளிர்ந்த தரை டைல்ஸ் ஒன்றை வைக்க வேண்டும். வாரத்தில் ஒருமுறையாவது, விரிப்பை மாற்றும் நேரத்தில் பிராணியைக் கையில் எடுத்து நான்கு பாதங்களையும் திருப்பிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, மென்மையாக இருந்தால் விரிப்பு சரியாக இருக்கிறது. செந்திட்டோ தடிப்போ தெரிந்தால் அன்றே துண்டுக்கு இன்னொரு மடிப்பு சேர்த்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.