இன்டர்நெட்டில் சட்டம் தேடுகிறீர்களா? தேதியையும் பாருங்கள்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்த சில நாட்களில், யாராவது ஒரு பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு அருகில் வந்து அமர்வார். “தம்பி, நம்ம சொத்து விஷயமா சட்டம் என்ன சொல்லுதுன்னு இதுல பாக்க முடியுமா?” என்று கேட்பார். பார்க்க முடியும். மத்திய அரசின் சட்டங்களும், சுப்ரீம் கோர்ட் மற்றும் ஐகோர்ட் தீர்ப்புகளும் இன்று காசு செலவில்லாமல் கிடைக்கின்றன. ஆனால், கிடைத்ததை எப்படி எடை போடுவது என்று தெரியாவிட்டால், நாம் எடுத்த பிரிண்ட் அவுட்டே வீட்டில் சண்டை மூட்டி விடும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. அப்பா 2001ல் காலமாகி விட்டார். தாத்தா காலத்து நிலம் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. 1984ல் திருமணமாகிப் போன அக்கா தன் பங்கைக் கேட்டார். தம்பியின் மகன் கூகுளில் தேடி, ஒரு தீர்ப்பைப் பிரிண்ட் எடுத்து வந்து நீட்டினான். “அத்தை, 2005 செப்டம்பர் 9ம் தேதி தாத்தா உயிரோட இருந்திருந்தாத்தான் உங்களுக்குப் பங்கு. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு.” அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்து போய் விட்டார்.

பையன் பொய் சொல்லவில்லை. அவன் கொண்டு வந்தது உண்மையான தீர்ப்புதான். பிரகாஷ் எதிர் பூலவதி என்ற அந்த வழக்கில், 2015 அக்டோபரில் இரண்டு நீதிபதிகள் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் 2020 ஆகஸ்ட் 11 அன்று, வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில், மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அந்தக் கருத்தைத் தள்ளி விட்டது. பூர்வீகச் சொத்தில் மகளின் உரிமை பிறப்பால் வருவது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று அது சொன்னது. பழைய தீர்ப்பை நம்பி அத்தை ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பிறகு அதைச் சரி செய்யக் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும்.

பையன் எந்த இடத்தில் தவறினான்? அதே வழக்கை வைத்து, தேடும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் சட்டம்: கூகுளில் “மகளுக்குச் சொத்தில் பங்கு உண்டா” என்று டைப் செய்தால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும். வக்கீல் அலுவலகங்களின் கட்டுரைகள், வீடியோக்கள், கேள்வி பதில்கள் எனப் பலவும் இருக்கும். இவை எல்லாம் யாரோ ஒருவர் சட்டத்தைப் புரிந்து கொண்ட விதம். அவற்றை ஒதுக்க வேண்டாம். சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் தெரிந்து கொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். நம் உதாரணத்தில் அது இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, பிரிவு 6. இதை ஒரு தாளில் குறித்துக் கொண்டு அந்தப் பக்கத்தை மூடி விடலாம்.

அடுத்து, மத்திய அரசின் “இந்தியா கோட்” தளத்திற்குச் செல்லவும். அட்ரஸ் பாரில் முகவரி ‘டாட் என்.ஐ.சி. டாட் இன்’ என்று முடிகிறதா எனப் பார்த்துக் கொள்ளவும். அரசுத் தளங்களின் முகவரி இப்படி அல்லது ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடியும். தேடல் கட்டத்தில் சட்டத்தின் பெயரை ஆங்கிலத்தில் கொடுத்து என்டர் தட்டினால், சட்டமும் அதன் பிரிவுகளும் வரிசையாகக் கிடைக்கும். பிரிவு 6ல் கிளிக் செய்திடவும்.

பலரும் இங்கே மேலே உள்ளதைப் படித்து விட்டு நிறுத்தி விடுகிறார்கள். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்பைக் கட்டாயம் படியுங்கள். இந்தப் பிரிவு 2005ம் ஆண்டின் 39வது சட்டத்தால் மாற்றி எழுதப்பட்டது, 2005 செப்டம்பர் 9 முதல் அமலுக்கு வந்தது என்ற செய்தி அங்குதான் இருக்கும். தமிழ்நாட்டில் இதற்கு முன்பே, 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்குப் பங்கு தரும் மாநிலத் திருத்தம் இருந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களுக்கு அதில் இடமில்லை. 2005 திருத்தத்தில் திருமணம் பற்றிய நிபந்தனையே கிடையாது. “1989க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குப் பங்கு இல்லை” என்று இன்றும் சில பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள் என்றால், அவை பழைய சட்டத்தைச் சொல்கின்றன.

அடிக்குறிப்பைப் பார்க்காததால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு உதாரணம் நம் கம்ப்யூட்டர் உலகத்திலேயே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015 மார்ச் 24 அன்று சுப்ரீம் கோர்ட் செல்லாது என்று அறிவித்தது. ஆனால் புத்தகத்தில் அந்தப் பிரிவின் வாசகம் நீங்கவில்லை. செல்லாது என்ற செய்தி அடிக்குறிப்பாகத்தான் இருந்தது. இணையத்தில் எழுதியதற்காக அதே பிரிவில் போலீசார் பல ஆண்டுகள் தொடர்ந்து வழக்குப் போட்டார்கள். 2021ல் இது கோர்ட்டின் கவனத்திற்கு வந்த போது நீதிபதிகளே அதிர்ச்சி தெரிவித்தனர். இனி யார் மீதும் இப்பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மீண்டும் ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனுக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்!

சட்டத்தின் பெயரே மாறிப் போவதும் உண்டு. ஊரெல்லாம் பேசும் 420, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து விட்டது. மோசடி இப்போது 318வது பிரிவில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

பிறகு தீர்ப்பு: சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்புத் தொகுப்பை “இ-எஸ்.சி.ஆர்.” என்ற பெயரில் 2023 ஜனவரியில் அனைவருக்கும் இலவசமாகத் திறந்து விட்டது. சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கும். புரிந்து கொள்ள அது உதவும். அதிகாரப்பூர்வமானது ஆங்கிலப் பிரதிதான். தனியார் தளமான “இந்தியன் கானூன்” 2008 முதல் இயங்குகிறது. புதியவர்களுக்குத் தேட அதுவே சுலபம் என்பது என் எண்ணம். அங்கே சட்டப் பிரிவையும் “டாட்டர்” போன்ற சொற்களையும் சேர்த்து ஆங்கிலத்தில் கொடுத்துத் தேடவும்.

ஒரு தீர்ப்பைத் திறந்தவுடன் படிக்க ஆரம்பித்து விடாதீர்கள். முதலில் எந்தக் கோர்ட், எந்தத் தேதி, எத்தனை நீதிபதிகள் என்ற மூன்றையும் பார்க்கவும். சுப்ரீம் கோர்ட் வகுத்த சட்டம் நாட்டிலுள்ள எல்லாக் கோர்ட்டுகளையும் கட்டுப்படுத்தும் என்று அரசியல் சட்டத்தின் 141வது பிரிவு சொல்கிறது. அதே கோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் சொன்னதை விட மூன்று நீதிபதிகள் சொன்னதற்கு மதிப்பு அதிகம். பூலவதி தீர்ப்புக்குப் பிறகு, 2018ல் தானம்மா என்பவரின் வழக்கில் வேறு இரண்டு நீதிபதிகள், 2001லேயே தந்தை இறந்து போன மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். இரண்டும் சுப்ரீம் கோர்ட். இரண்டும் இரண்டு நீதிபதிகள் பெஞ்ச். எதைப் பின்பற்றுவது என்ற குழப்பத்தைத் தீர்க்கத்தான் விஷயம் மூன்று நீதிபதிகளிடம் போனது.

பையன் செய்யத் தவறியது இதற்கு அடுத்த வேலை. இந்தியன் கானூன் தளத்தில் தீர்ப்பின் மேல் பகுதியில் “சைட்டட் பை” என்று ஒரு லிங்க் இருக்கும். இந்தத் தீர்ப்பைப் பிற்பாடு எடுத்துப் பேசிய தீர்ப்புகளின் பட்டியல் அதில் கிடைக்கும். அதில் கிளிக் செய்து, புதிய தீர்ப்புகளையும் பெரிய பெஞ்சுகளையும் தேடிப் பார்க்கவும். பூலவதி தீர்ப்பில் இருந்து இப்படிப் போனால் வினீதா சர்மா தீர்ப்பில் வந்து நிற்கலாம். ஐந்து நிமிட வேலைதான்.

இன்னொரு பொறி, தீர்ப்புக்கு உள்ளேயே இருக்கிறது. நீளமான தீர்ப்பில் கண்ட்ரோல் + எப் கீகளை அழுத்தி ஒரு சொல்லைத் தேடினால், நடுவில் ஏதோ ஒரு பாராவில் கொண்டு போய் நிறுத்தும். “மகளுக்கு உரிமை இல்லை” என்ற பொருளில் அங்கே ஒரு வரி இருக்கலாம். அது நீதிபதி சொன்னதாக இருக்க வேண்டும் என்பதில்லை. இரு தரப்பு வக்கீல்களின் வாதம், கீழ்க் கோர்ட் சொன்னது, பழைய தீர்ப்பின் மேற்கோள் எல்லாமே தீர்ப்பில் எழுதப்படும். பாராவின் தொடக்கத்திற்குப் போய் யார் பேசுவது என்று பாருங்கள். கோர்ட்டின் முடிவு பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கிப் படிப்பது புதியவர்களுக்கு நல்லது.

இப்போது பலரும் சாட்ஜிபிடி போன்றவற்றில் கேட்டு விடுகிறார்கள். பதில் அழகாக வரும். வழக்கின் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் இருக்கும். நியூயார்க்கில் ஒரு விமானப் பயணியின் வழக்கில், இப்படிக் கிடைத்த இல்லாத வழக்குகளைக் கோர்ட்டில் கொடுத்த வக்கீல்களுக்கு 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அது சொல்லும் வழக்கின் பெயரை மேலே சொன்ன தளங்களில் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், அதை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

அந்த வீட்டிற்குத் திரும்புவோம். பையன் மறுபடி உட்கார்ந்து 2020 தீர்ப்பைத் தேடி எடுத்தான். அப்பாவிடம் காட்டினான். அவருக்கு மனமில்லைதான், இருந்தாலும் அத்தையையும் கூட்டிக் கொண்டு மூவருமாக ஒரு வக்கீலிடம் போனார்கள். அவர் தாளை வாங்கிப் பார்த்து விட்டு, நெட்டில் கிடைக்காத இரண்டு விஷயங்களைக் கேட்டார். நிலம் தாத்தா வழியில் வந்ததா, அல்லது அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியதா? சொந்தச் சம்பாத்தியம் என்றால் பிரிவு 6 பொருந்தாது. உயில் எழுதாமல் இறந்தவரின் மகனும் மகளும் 8வது பிரிவின்படி 1956 முதலே சம வாரிசுகள். இரண்டாவது கேள்வி, 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் டிகிரியோ உண்டா என்பது. இருந்தால் அந்தப் பிரிவினையைச் சட்டம் தொடாது.

பையன் வீட்டுக்கு வந்து, தமிழ்நாடு பதிவுத் துறையின் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தான். பாகப்பிரிவினை எதுவும் அதில் பதிவாகவில்லை. இந்த முறை பிரிண்ட் எடுத்து முதலில் அத்தையிடம்தான் கொடுத்தான்.