தீனி உண்டு, வீடு இல்லை: நீளவால் கிளி

மாணவர்களே, ஈப்போவிலிருந்து தெலுக் இந்தான் செல்லும் வழியில் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் அவற்றுள் பல ரப்பர்த் தோட்டங்களாக இருந்தன. இத்தகைய தாழ்நிலங்களில் வாழும் ஒரு கிளியைப் பற்றி இன்று அறிவோம்.

அதன் பெயர் நீளவால் கிளி. மலாய் மொழியில் 'பாயான் நூரி' என்பர். சுமத்ரா, போர்னியோ, சிங்கப்பூர், அந்தமான், நிக்கோபார் ஆகிய தீவுகளிலும் தீபகற்ப மலேசியாவிலும் இது வாழ்கிறது. வாலையும் சேர்த்து நீளம் சுமார் 40 சென்டிமீட்டர். உடல் பச்சை, கன்னம் இளஞ்சிவப்பு. ஆணின் மேல் அலகு சிவப்பாகவும் பெண்ணின் அலகு பழுப்பாகவும் இருக்கும்.

காட்டுப் பழங்கள், விதைகள், பப்பாளி ஆகியவற்றை இது தின்னும். செம்பனைப் பழமும் இதற்குப் பிடிக்கும். அப்படியானால் தீனிக்குக் குறைவில்லையே! பிறகு ஏன் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2018இல் இதனை 'அழிவாய்ப்பு இனம்' என்று வகைப்படுத்தியது?

விடை மரப்பொந்தில் இருக்கிறது. இக்கிளி கூடு கட்டுவதில்லை. உயர்ந்த முதிய மரத்திலோ பட்ட மரத்திலோ உள்ள பொந்தில் 2 அல்லது 3 முட்டைகள் இடும். கிளை முறிந்து உளுத்த இடத்தில் பொந்து உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். செம்பனைக்குக் கிளையே இல்லை. அதையும் சுமார் 25 ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்வார்கள். தாழ்நிலக் காடு அழிந்தபோது பொந்துள்ள மரங்களும் அழிந்தன. ஆகவே, தோட்டத்தில் வயிறு நிறையலாம். குஞ்சு பொரிக்க இடம் கிடைப்பது அரிது.

இருக்கும் பொந்துக்கும் போட்டி உண்டு. சிங்கப்பூரில், வெளியிலிருந்து வந்து பெருகிய செம்மார்புக் கிளிகளும் அதே பொந்துகளைத்தான் தேடுகின்றன. கூண்டுப் பறவையாக விற்பதற்காகப் பிடிப்பதும் எண்ணிக்கையைக் குறைக்கிறது.

வானில் கூட்டமாகப் பறக்கும் கிளிகளைக் கண்டு, 'நிறைய இருக்கின்றனவே' என்று எண்ணிவிடாதீர்கள். கிளிகள் பல ஆண்டுகள் வாழ்பவை. புதிய குஞ்சுகள் குறைந்தாலும், முதிய பறவைகள் இருக்கும்வரை கூட்டம் பெரிதாகவே தெரியும்.

உங்கள் வட்டாரத்தில் ஆளில்லாத இடத்தில் நிற்கும் பட்ட மரம் யாருக்கும் ஆபத்தில்லை என்றால், அதை விட்டுவைக்கச் சொல்லுங்கள். காட்டில் பிடித்த கிளியை வாங்காதீர்கள்.

சிந்திக்க:
1. தீனி மிகுந்த இடம் எல்லாம் வாழிடம் ஆகுமா?
2. பட்ட மரத்தை நம்பி வாழும் வேறு உயிர்கள் யாவை?