மூடுபனியில் ஒரு செவ்விளக்கு

நுழையும்முன்

கண்முன் உள்ள காட்சியின்மேல் கண்ணுக்குத் தெரியாத செய்தியை எழுதிக் காட்டுகிறது ஒரு தொழில்நுட்பம். உடலில் அணிந்த சிறு கருவியின் வழியே உடலின் நிலையை உரைக்கிறது மற்றொன்று. நகரத்துக் கடைத்தெருவில் இவ்விரண்டும் கவர்ச்சியான பொருள்கள். மூடுபனியும் சரிவும் காட்டுயிர்களின் நடமாட்டமும் நிறைந்த மலைத்தோட்டத்தில் இவற்றின் மதிப்பு என்ன? நீலகிரியையும் அதன் அண்டை மலைகளையும் முன்வைத்து அதனை ஆராய்கிறது இப்பாடம்.

பனிக்குப் பின்னுள்ள மலை

தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம் நீலகிரியின் தொட்டபெட்டா. அதன் உயரம் 2,637 மீட்டர். அங்குள்ள காட்சிமுனைக்கு வருவோருள் பலர் மலைகளைக் காண்பதில்லை. வெண்மையை மட்டுமே கண்டு திரும்புகின்றனர். மேகம் ஏறிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்நேரத்தில் ஒருவர் தம் திறன்பேசியின் கேமராவை அவ்வெண்மையை நோக்கித் திருப்புகிறார். திரையில் மலைத்தொடரின் கோட்டுருவம் விரிகிறது. ஒவ்வொரு முகட்டின் மேலும் அதன் பெயரும் உயரமும் எழுதப்பட்டிருக்கின்றன. பனி விலகவில்லை; ஆயினும் பனிக்குப் பின்னுள்ள மலை தெரிகிறது. இதுவே மிகை மெய்ம்மை.

மெய்நிகர் உலகத்திலிருந்து இது வேறுபட்டது. மெய்நிகர் கருவி, அணிந்தவரின் கண்ணை மறைத்து முற்றிலும் புனையப்பட்ட ஓர் உலகத்தைக் காட்டும். மிகை மெய்ம்மையோ இருக்கும் உலகத்தை இருந்தபடியே விட்டு, அதன்மேல் ஓர் அடுக்கை மட்டும் சேர்க்கும். மேற்கூறிய செயலி இயங்கும் முறை மாயமன்று. செயற்கைக்கோள் வழியே திறன்பேசி தான் நிற்கும் இடத்தை அறிகிறது. அதனுள் உள்ள காந்தமானி, கருவி நோக்கும் திசையைச் சொல்கிறது. முடுக்கமானி, அது சாய்ந்திருக்கும் கோணத்தைச் சொல்கிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் என்டெவர் விண்வெளி ஓடம் பதினொரு நாள்கள் பூமியைச் சுற்றி ரேடார் கொண்டு நிலத்தின் உயரங்களை அளந்தது. அத்தகைய அளவைத் தரவுகளே திரையில் மலைமுகடுகளாக எழுகின்றன.

காணாததைக் காணும் முயற்சி நீலகிரிக்குப் புதிதன்று. உதகையை அடுத்த முத்தோரையில் 1970இல் வானொலித் தொலைநோக்கி ஒன்று அமைக்கப்பட்டது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன அறிவியலாளர்கள் அதனை உருவாக்கினர். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடைய அத்தொலைநோக்கியை நிறுவுவதற்கு, அவ்விடத்தின் அட்சரேகைக்கு இணையாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டனர். அதனால் அதன் சுழலச்சு புவியின் அச்சுக்கு இணையாயிற்று. மலையின் சாய்வே பொறியின் ஓர் உறுப்பாக அமைந்த அரிய கட்டுமானம் அது. மேகம் சூழ்ந்த நாளிலும் அது வானைப் பார்க்கிறது.

ஆயினும் தொட்டபெட்டாவில் திரை எழுதிக் காட்டும் பெயர்கள் ஒரு கேள்வியை எழுப்புகின்றன. முக்கூர்த்தி என்னும் முகட்டின்மேல் செயலி 2,554 மீட்டர் என்று எழுதுகிறது. தோடர்களுக்கோ அது வெறும் உயரமன்று. இறந்தோரின் உயிரும் அவர்தம் எருமைகளின் உயிரும் மறுவுலகிற்குச் செல்லும் வாயில் அது என்பது அவர்களின் நம்பிக்கை. உலகின்மேல் ஓர் அடுக்கை எழுதுபவர், எதை எழுதுவது என்பதோடு எதை விடுவது என்பதையும் முடிவு செய்கிறார். அம்முடிவு பெரும்பாலும் அம்மலையைக் கண்டிராத ஒருவரின் மேசையில் எடுக்கப்படுகிறது.

கூரையில் தொங்கிய கண்ணாடி

இத்தொழில்நுட்பத்தின் வரலாறு 1968இல் தொடங்குகிறது எனலாம். அமெரிக்க அறிவியலாளர் இவான் சதர்லாண்ட், தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை உருவாக்கினார். அணிந்தவரின் கண்முன் கோடுகளால் ஆன கனசதுரம் ஒன்று அறையின் நடுவே மிதப்பதுபோல் தோன்றும். கருவியைக் கழுத்து தாங்காது என்பதால் அதனைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தனர். இன்று சட்டைப்பையில் அடங்குவது அன்று கூரையைப் பற்றி நின்றது.

மிகை மெய்ம்மை என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1990களின் தொடக்கத்தில் வழங்கியவர், போயிங் விமான நிறுவனத்தில் பணியாற்றிய டாம் காடெல். விமானத்திற்கான மின்கம்பிகளைப் பலகைமேல் பரப்பும் தொழிலாளி, ஒவ்வொரு கம்பிக்கும் வரைபடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. வரைபடத்தைத் தொழிலாளியின் கண்முன்னே, பலகையின் மேலேயே காட்டினால் என்ன என்பது அவரும் அவருடைய நண்பர்களும் கொண்ட எண்ணம். பெயர் பிறந்தது பொழுதுபோக்கிற்காக அன்று, உழைப்பவரின் கைக்கு உதவுவதற்காக என்பது கருதத்தக்கது.

பொழுதுபோக்கு பின்னர் வந்தது. 2016இல் வெளியான போகிமான் கோ விளையாட்டு, தெருவிலும் பூங்காவிலும் கற்பனை உயிர்களைத் தேடி இளைஞர்களை அலையவிட்டது. அதற்கு முன்பே, 2013இல் கூகுள் நிறுவனம் 1,500 டாலர் விலையில் கூகுள் கிளாஸ் என்னும் மூக்குக்கண்ணாடியைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு விற்றது. அதனை அணிந்தவர் தம்மைப் படம்பிடிக்கின்றாரோ என்னும் ஐயம் எதிரில் இருப்பவர்க்கு எழுந்தது. 2015இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு இவ்வுலகம் அறிமுகமானது மிக எளிய வடிவில். 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் உள்ள விரைவுக் குறியீட்டைத் திறன்பேசியில் காட்டினால், அச்சிட்ட பக்கத்திற்கு அப்பால் ஒரு காணொலி விரிகிறது.

உடல் பேசும் கருவி

அணியும் கருவிகள் மிகப் பழையவை. மூக்குக்கண்ணாடியும் செவித்துணைக் கருவியும் பல தலைமுறைகளாக மனித உடலோடு ஒன்றியவை. இன்றைய கைக்கடிகாரம் அவற்றிலிருந்து வேறுபடுவது, அணிந்தவரைப் பற்றிப் பேசுவதால். அதன் அடிப்புறத்தில் பச்சை ஒளி விட்டுவிட்டு எரிகிறது. குருதி பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் துடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டின் நுண்குழாய்களில் குருதி மிகுகிறது. திரும்பி வரும் ஒளி குறைகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித்துடிப்பு கிடைக்கிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் சிற்றூர்களுக்கும் சென்று சேர்ந்த விரல்மாட்டியும் இம்முறையில் பிறந்ததே. சிவப்பொளி, அகச்சிவப்பொளி ஆகிய இரண்டையும் விரலுள் செலுத்திக் குருதியின் ஆக்சிஜன் அளவை அறியும் வழியை 1970களில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. ஆனால் 2020இல் அமெரிக்க மருத்துவமனைகளில் நிகழ்ந்த ஓர் ஆய்வு அதிர்ச்சி தந்தது. ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தும் கருவி அதனைக் காட்டத் தவறிய நிகழ்வுகள், வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாக இருந்தன. தோலின் நிறமி ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கிறது. கருவியோ பெரும்பாலும் வெளிர்தோலினரைக் கொண்டு அளவிடப்பட்டது. கருவி பொய் சொல்லவில்லை. தான் அறிந்த உடலைக் கொண்டு அறியாத உடலை அளந்தது, அவ்வளவே.

தேயிலைத் தோட்டத்தில் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைப் பறிக்கும் கைகள் ஓயாமல் அசைகின்றன. செடி நனைந்திருக்கிறது, காலைக் குளிர் விரலை விறைக்கச் செய்கிறது. குளிரில் தோலுக்கு வரும் குருதி குறையும். கை அசைந்தால் ஒளியின் கணக்குக் குழம்பும். குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவரின் மணிக்கட்டில் சரியாக இயங்கும் கருவி, இங்கும் அவ்வாறே இயங்கும் என்று கொள்வதற்கில்லை.

அணிவது அணிபவரின் விருப்பத்தாலா என்பதும் கேட்கப்பட வேண்டும். சண்டிகர், நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு, அவர்கள் எங்கே நிற்கின்றனர் என்பதைக் காட்டும் கைக்கடிகாரங்கள் கட்டப்பட்டன. தம்மைக் கண்காணிக்கவே இவை எனத் தொழிலாளர்கள் எதிர்த்தனர். ஒரே கருவி ஒருவருக்கு நலத்துணை, மற்றொருவருக்கு மேற்பார்வையாளர். தனிநபர் தரவுகளைக் காக்க இந்தியாவில் 2023இல் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், மேலாளரிடம் மறுத்துப் பேச முடியாதவரின் ஒப்புதலை ஒப்புதல் என்று எவ்வாறு சொல்வது?

கழுத்துப்பட்டை அணிந்த யானை

கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளின் தேயிலைச் சரிவுகள் காட்டை ஒட்டியவை. பல இடங்களில் காட்டின் நடுவே அமைந்தவை. 1964ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை உடன்பாட்டின்படி தாயகம் திரும்பிய தமிழர்க்கு வாழ்வளிக்க, 1968இல் தமிழ்நாட்டு வனத்துறையின் திட்டமாக அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. கடல் கடந்து வந்தவர்கள் குடியேறிய நிலம், யானைகள் காலங்காலமாக நடந்த வழி. லைன் வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் செல்லும் ஒற்றையடிப் பாதையிலேயே அவை இன்றும் நடக்கின்றன. தேயிலைச் செடி இடுப்பளவே உயரம். ஆனால் பனியும் இருளும் சேர்ந்தால் நான்கு டன் எடையுள்ள விலங்கு இருபதடித் தொலைவிலும் தெரியாது. யானை காலோசை இன்றி நடப்பது, அறியாதார்க்கு நம்புதற்கரியது.

இங்கே அணிகருவி மனிதர் உடலில் இல்லை. யானையின் கழுத்தில் இருக்கிறது. பந்தலூர்ப் பகுதியில் வீடுகளை உடைத்த தந்தமில்லா ஆண்யானை ஒன்றை 2022 டிசம்பரில் வனத்துறையினர் பிடித்து, கழுத்தில் ரேடியோ பட்டையிட்டு முதுமலைக் காட்டில் விட்டனர். அடுத்த மாதமே அது எல்லை கடந்து கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகரத் தெருவில் நடந்தது; பாதையில் சென்ற ஒருவரைத் தாக்கியது. 2024 பிப்ரவரியில் வயநாட்டின் மானந்தவாடி அருகே நிகழ்ந்தது இதனினும் கொடியது. கர்நாடக வனத்துறை பட்டையிட்டிருந்த ஆண்யானை, ஒருவரை ஒரு வீட்டு வளாகத்திற்குள் துரத்திச் சென்று கொன்றது.

இரு யானைகளின் கழுத்திலும் கருவி இருந்தது. பட்டையின் மின்கலம் நெடுநாள் உழைக்க வேண்டியிருப்பதால், அது இடைவிட்டே இருப்பிடத்தை அனுப்பும். மலைமடிப்புகள் அலையைத் தடுக்கும். யானைக்கு மாநில எல்லை இல்லை, அலுவலகங்களுக்கு உண்டு. இத்தனையையும் கடந்து ஒரு புள்ளி கணினித் திரையில் தோன்றினாலும், அத்திரைக்கும் பாதையில் நடப்பவருக்கும் இடையே உள்ள தூரத்தைப் பட்டையால் கடக்க இயலாது. கூடலூர் வனக்கோட்டத்தில் அண்மையில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் நிறுவப்பட்டுள்ளன. அவற்றின் பயனையும், எச்சரிக்கை எத்தனை நொடியில் யாருடைய காதுக்குச் சென்றது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

கண்ணாடி இல்லாத மிகை மெய்ம்மை

நீலகிரிக்குத் தெற்கே, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் ஆனைமலை. அதன்மேல் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புடையது வால்பாறைப் பீடபூமி. நீலகிரியைப் போன்றே தேயிலை, அதே பனி, அதே யானை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும், அங்கு யானையால் உயிரிழந்தோர் எவ்வாறு இறந்தனர் என்பதை ஆராய்ந்தனர். பெரும்பாலோர் யானையைத் துரத்தியவர்களோ சீண்டியவர்களோ அல்லர். யானை அருகில் நிற்பதை அறியாமல், மாலையில் பேருந்திலிருந்து இறங்கி வீட்டிற்கு நடந்தவர்கள். ஆகவே சிக்கல் விலங்கினுடையது என்பதைவிடச் செய்தியினுடையது.

விடையும் அவ்வாறே அமைந்தது. அன்றைய பொழுதில் யானைக்கூட்டம் எங்குள்ளது என்னும் செய்தி, உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடியது. பின்னர்க் கைப்பேசிக் குறுஞ்செய்தியாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சென்றது. படிக்கத் தெரியாதவர்க்குக் குரல் அழைப்பாகச் சென்றது. விலை மிகுந்த திறன்பேசி எவரிடமும் இருக்க வேண்டிய தேவை இல்லை. இவற்றோடு, மக்கள் கூடும் இடங்களிலும் பாதை பிரியும் இடங்களிலும் உயர்ந்த கம்பங்களில் செவ்விளக்குகள் நிறுவப்பட்டன. யானை அப்பகுதியில் இருந்தால், பதிவு செய்த எண்ணிலிருந்து விடுக்கப்படும் ஒரு கைப்பேசி அழைப்பால் விளக்கு எரியும். இப்பணிக்காக ஆனந்தகுமார் 2015இல் பிரிட்டனின் விட்லி விருதைப் பெற்றார்.

கம்பத்தின்மேல் எரியும் அவ்விளக்கை மிகை மெய்ம்மை என்று எவரும் அழைப்பதில்லை. ஆயினும் அதன் பணி அதுவே: கண்முன் உள்ள மலையின்மேல், கண்ணுக்குத் தெரியாத யானையை அது எழுதிக் காட்டுகிறது. அதனைப் படிக்கக் கண்ணாடி அணிய வேண்டியதில்லை. எவருடைய நாடியும் அளக்கப்படுவதில்லை. நடப்பவர் எங்கே நடக்கிறார் என்பது எவருக்கும் தெரிவிக்கப்படுவதில்லை. அவ்விளக்கின் பின்னால் இருக்கும் முதல் உணர்கருவி மனிதக் கண்தான். காலையில் சோலை ஓரத்தில் சாணத்தைக் கண்ட காவலர், ஒடிந்த ஈட்டிமரக் கிளையைக் கண்ட கொழுந்து பறிக்கும் பெண், மேய்ந்த புல்லின் ஈரத்தைக் கொண்டு யானை எப்போது சென்றது என்று சொல்லும் பழங்குடி வேட்டைத்தடுப்புக் காவலர் ஆகியோர் அறிந்ததையே விளக்கு தொலைவுக்குக் கொண்டு செல்கிறது.

மாலை ஆறு மணிக்குக் கடைசிக்கு முந்தைய பேருந்து தோட்டத்து நிறுத்தத்தில் நிற்கிறது. இறங்கியவர்கள் முதலில் பார்ப்பது கம்பத்தை. விளக்கு எரியாவிடில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கின்றனர். எரிந்தால், சுற்றிச் செல்லும் தார்ச்சாலையைப் பிடிக்கின்றனர். அல்லது துணைக்கு ஆள் வரும்வரை நிறுத்தத்திலேயே காத்திருக்கின்றனர்.